லிங்கசாமியின் மேற்கு எல்லை

என் தம்பி லிங்கசாமி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பத்தாவது வரைதான் படித்தான். ஆனால் 1914ஆம் வருடத்து ஐரோப்பியச் சண்டையை ஜெர்மனிக்காரன் எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்று அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் சொந்தத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை.

ஜெர்மனி முதலில் பெல்ஜியத்துக்குள் புகுந்து, பிரான்சைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பிறகு ரஷ்யா பக்கம் திரும்பலாம் என்று கணக்குப் போட்டது. நடக்கவில்லை. நாலு வருடம் சேற்றுக் குழிகளில் கிடந்தார்கள். இதை ஒரு பழைய புத்தகத்தில் படித்த நாள் முதல் லிங்கசாமிக்கு மனம் ஆறவில்லை. அவன் தொழிலில், பின்னல் துணி சாயம் போடும் டையிங்கிலிருந்து வந்ததும் வெட்டக்கூடாது. ரோலைப் பிரித்து ஒருநாள் கிடத்த வேண்டும். இழுபட்ட துணி தன் அளவுக்கு வந்த பிறகுதான் கத்தி வைக்கலாம். இதற்கு ஆறப்போடுவது என்பான் அவன்.

"ஆறப்போடாத துணிய வெட்டிப்போட்டாங்கக்கா. மொதல் தண்ணிலயே சுருங்கிப்போச்சு" என்பான், ஜெர்மனிக்காரர்களைப் பற்றி.

பிரான்ஸ் எல்லையில் கொஞ்சம் காவலை நிறுத்திவிட்டுப் பெரும்படையைக் கிழக்கே ரஷ்யா மேல் விட வேண்டும். பெல்ஜியத்தைத் தொடக்கூடாது. தொடாவிட்டால் இங்கிலாந்துக்காரன் வரச் சாக்கு இல்லை; அவன் வராவிட்டால் நம் ஊர் ஆட்கள் அவனுக்காகச் சண்டை போடக் கப்பலேறியிருக்க மாட்டார்கள். அவன் திட்டம் அவ்வளவுதான்.

காதர்பேட்டையில் பட்டன் கடை வைத்திருக்கும் அமானுல்லா இதை ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் மாமன் மாப்பிள்ளை முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். பேசித் தீராமல் ஆடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கட்டிங்குக்கு அளவு வரையும் பெரிய தாளின் பின்புறத்தில் லிங்கசாமி ஐரோப்பாவை வரைந்து, ஒரு பலகையில் ஒட்டினான். ஆறு, கோட்டை, ரயில் பாதை எல்லாம் அதில் உண்டு. அமானுல்லா கடைப் பட்டன்கள்தான் படை. வெள்ளை ஜெர்மனி, நீலம் பிரான்ஸ், கறுப்பு ரஷ்யா. வெள்ளை எப்போதும் லிங்கசாமிக்கு. மேற்கே நிறுத்திய காவலை மட்டும் அவன் கண்ணை விட்டு அகல விட மாட்டான். திட்டமே அதன் மேல்தான் நிற்கிறது என்பான்.

போன கார்த்திகையில் அவனுக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவனுக்குக் கல்யாணம் அமையவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான். நான் தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலையை விட்டுவிட்டு அவனோடு இருந்தேன். அந்த மாதங்களில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை, எண்ணெய், பயிற்சி என்று வேளை தவறாமல் செய்தேன். மாசியில் நடந்தான். பங்குனியில் இடது கையால் சொம்பைத் தூக்கினான்.

முதலாளி திங்கட்கிழமை வரச் சொன்னார். டாக்டர் இன்னொரு முறை பார்த்த பிறகு போகலாம் என்றிருந்தார். லிங்கசாமி கேட்கவில்லை. கட்டிங் மேசையில் நிற்காவிட்டால் தான் யார் என்று கேட்டான். நான் அவன் வேலைச் சட்டையைத் துவைத்துப் போட்டேன்.

தட்டில் இடது ஓரம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கும். பிடிக்கவில்லை போல என்று தினமும் காயை மாற்றிப் பார்த்தேன். சவரமும் வலது கன்னத்தோடு நின்றுவிடும். பாதி மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான் என்று அமானுல்லா கேலி செய்தார்.

"முழுசா இருந்தப்ப மட்டும் வரிசைல நின்னாங்களா மாமா?" என்றான் தம்பி.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மறுபடி பலகையை எடுத்தார்கள். லிங்கசாமியின் கை வேகமாகப் போனது. வெள்ளைப் பட்டன்கள் வார்சாவைத் தாண்டின. எனக்குப் பெருமையாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். அமானுல்லா மேற்கே, தம்பியின் இடது கைப்பக்கம், நீலத்தை நகர்த்தி, வெள்ளைக் காவலை ஒவ்வொன்றாக எடுத்தார். லிங்கசாமி அதைத் தடுக்கவில்லை. நீலம் ரைன் ஆற்றைக் கடந்தது. அமானுல்லா கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க மாப்ள."

"எந்தப் பக்கம்? அங்க ஒண்ணுமில்லீங்களே."

அமானுல்லா என்னைப் பார்த்தார். எனக்குத் தட்டில் கிடந்த பொரியல் ஞாபகம் வந்தது. பிறகு கட்டிங் மேசை ஞாபகம் வந்தது. அங்கே வலது கை கத்தி மெஷினைத் தள்ளும். இடது கை துணி அடுக்கை அழுத்திக்கொண்டு கத்தியின் பக்கத்திலேயே போகும்.

பட்டன் கலையாமல் பலகையை அரைச் சுற்றுத் திருப்பினேன். பிரான்ஸ் அவன் வலது கைப்பக்கம் வந்தது.

லிங்கசாமி பார்த்துக்கொண்டே இருந்தான். ரைன் ஆற்றைத் தாண்டி இருந்த நீலப் பட்டனை எடுத்தான்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஆரம்பத்துல இருந்தே வந்துட்டுத்தான் இருக்குது" என்றார் அமானுல்லா.

அவன் பலகையில் தேடினான். "அக்கா, என்ற ஆளுக எங்க? ரஷ்யாவுல நிறுத்தியிருந்தேனே."

"அங்கயேதான் இருக்குது கண்ணு."

அவன் இடது கையைப் பிடித்து வெள்ளைப் பட்டன்கள் மேல் வைத்தேன். விரல்கள் அவற்றைத் தடவின. கண் அங்கே போக வெகுநேரம் ஆனது. கடைசியில் தலையை முழுக்கத் திருப்பித் தன் கையைப் பார்த்தான்.

"நாளைக்குப் போகலக்கா" என்றான். "மொதலாளிக்குச் சொல்லீருங்க. இன்னும் ஆறலைன்னு."

போன் போட்டுச் சொன்னேன். முதலாளி சரி என்றார். அமானுல்லா நீலப் பட்டனை வாங்கி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

மத்தியானம் பீட்ரூட் பொரியல். அவன் பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைத்தேன். மீதியையும் சாப்பிட்டான்.