காலிக் கட்டத்தில் நான் போட்ட பூஜ்யம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல காரியம் செய்தேன். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் அபிராமபுரம் ஃப்ளாட்டில் எதிர்வீட்டுப் பெண் பர்வீன். புள்ளியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். கத்தரிக்காயில் புழு விழுவது இயற்கை விவசாயத்தில் அதிகமா, மருந்து அடிக்கிற வயலில் அதிகமா? எந்த வாரம் எவ்வளவு விழும்? இதைச் சொல்ல கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு மாடல் தயாரிக்கிறாள். வாராவாரம் சொத்தைக் காய்களை எண்ணி ஆட்கள் பேனாவால் எழுதிய தாள்கள் ஒரு கட்டு. திங்கட்கிழமை ஆராய்ச்சி கைடிடம் காட்டியாக வேண்டும். பெண்ணுக்கோ ஜுரம்.

“கொடும்மா, நான் டைப் பண்றேன்” என்றேன். முப்பது வருஷம் ஆபீஸில் டைப் அடித்த கை... சும்மா இருக்குமா?

சில கட்டங்கள் காலி. எண் இல்லை என்றால் புழு இல்லை, வேறென்ன? பூஜ்யம் போட்டு நிரப்பிவிட்டேன்.

மாலையில் மாடல் ஓடியது. இயற்கை வயலில் புழு ரொம்பக் குறைவு! “இருங்க ஆன்ட்டி, செக் பண்ணணும்” என்றாள் பர்வீன். இருந்தேனா? ஃப்ளாட் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். கட்டைவிரல்கள், கைதட்டல்கள்... மூன்றாம் மாடி ராகவன் சார் பையை எடுத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டை ஆர்கானிக் கடைக்கே கிளம்பிவிட்டார்.

அரைமணி நேரத்தில் பர்வீன் தாள்களோடு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“ஆன்ட்டி, இந்த பூஜ்யமெல்லாம் நீங்க போட்டதா?”

“ஆமா. காலியா இருந்துதே!”

“அது புழு இல்லாத வாரம் இல்ல ஆன்ட்டி. மழையில வாய்க்காலைத் தாண்டி அந்த இயற்கை வயலுக்கு யாருமே எண்ணப் போகாத வாரம்!”

என் மேலேயே எனக்கு அப்படி ஓர் எரிச்சல். எண்ணியவர்கள் மேலும்தான் — ‘போகவில்லை’ என்று ஒரு வார்த்தை எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

ஆனால் ஊரே இப்படித்தானே நடக்கிறது? எங்கள் அசோசியேஷனில் “ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்ல, லிஃப்ட் சூப்பரா ஓடுது” என்கிறார்கள். கம்ப்ளெயின்ட் நோட்டில் கட்டியிருந்த பேனா காணாமல் போய் ஆறு மாதம் ஆகிறது.

இருவரும் உட்கார்ந்து தாள் தாளாகப் பார்த்து என் பூஜ்யங்களை அழித்தோம். மாடல் மறுபடி ஓடியது. முடிவு? இந்த டேட்டாவை வைத்து எதில் புழு குறைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது!

“இவ்ளோ கஷ்டப்பட்டு, கைடுகிட்ட தெரியலைன்னா போய்ச் சொல்லப் போறே?” என்றேன்.

“தெரியலைன்னா தெரியலைன்னுதானே ஆன்ட்டி சொல்லணும்?” ஜுரத்திலும் குரல் தெளிவாக இருந்தது. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, ‘எது குறைவு என்று தெரியவில்லை’ என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல்? ம்ஹூம்.

“யாரும் ஒண்ணும் சொல்லலையே... அப்போ யாருக்கும் கோபமில்ல” என்றார் என் கணவர், நிம்மதியாக.

இந்த மனிதரிடம் தயவுசெய்து யாரும் எதையும் டைப் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்!