எண்ணெய் ஒழுகிய பிளஷர்

எங்கள் சித்தப்பாவின் பிளஷர் கார் எங்கே நின்றாலும், நின்றதற்கு அத்தாட்சியாகத் தரையில் ஒரு கறுப்பு வட்டம் வைத்துவிட்டுத்தான் கிளம்பும். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் இறங்கும் விருந்தாளி யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் நேராக எங்கள் வாசலில் வந்து முட்டிக்கொள்ளலாம். காலையில் கோலம் போட அம்மா இடம் தேடி அலைவாள். "வேர்க்குது அண்ணி, பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று சித்தப்பா சமாதானம் சொல்வார். அவருக்கு எல்லாமே லேசு.

அவருடைய அண்ணன், எங்கள் நைனா, அப்படியல்ல. அவருக்குத் துறைமுகத்தில் சரக்குப் படகுகளின் ஓட்டை அடைக்கும் வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சை முறுக்கி உளியால் திணித்து, அதன்மேல் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார். அவர் கைபட்ட படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது என்று பேர். அந்தப் பேரை வீட்டிலும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கூரை, குடம், எலி வளை, கதவிடுக்கு எதையும் விட்டு வைக்கவில்லை. ஒரு கோடையில் புதுமண்பானையின் வெளிப்பக்கம் ஈரம் கசிவதைப் பார்த்துவிட்டு, அதற்கும் சுற்றிலும் குங்கிலியம் பூசிவிட்டார். கசிவு நின்றது. அதன்பிறகு பானைத் தண்ணீர் சில்லென்றே இல்லையே என்று எங்களிடம் கோபித்துக்கொண்டவரும் அவரேதான்.

சித்தப்பா யுத்தத்தில் ராணுவ லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தவர். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன காரை, கையிலிருந்ததையெல்லாம் போட்டு வாங்கினார். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி விடவேண்டும் என்பது அவர் கனவு. கரித்தூள் பறக்கும் துறைமுகத்துக்குள் இனி கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் பிழைத்த குடும்பத்தில் ஒருத்தன் சக்கரத்தை நம்புவதாவது! தம்பிக்குத் தெரியாமலே படகு மேஸ்திரியிடம் சொல்லி ஒரு வேலைக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

அதைக் கேட்டு வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு வழி பண்ணினாள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று எல்லாரும் சொல்லும் மோட்டார் அதிகாரி வண்டியைப் பார்த்து டாக்ஸிக்கு லாயக்கு என்று சொன்னால், அப்புறம் யாரும் வாய் திறக்கக்கூடாது. இல்லை என்று சொல்லிவிட்டால் சித்தப்பா மறுபேச்சில்லாமல் மேஸ்திரியிடம் போய் நிற்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் தலையாட்டினார்கள்.

அன்று முதல் நைனா அந்தக் காரைக் கார் என்று சொல்வதையே விட்டுவிட்டார். வேலையிலிருந்து வந்ததும் வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "இன்னாடா, இன்னிக்குச் செக்குல எவ்ளோ ஆட்டுன?" என்பார். அக்கம்பக்கத்துப் பெண்களும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும் என்று கேலி பேசுவார்கள். சித்தப்பா சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். சித்தப்பாவுக்கு அப்போது நான்தான் முழுநேர வக்கீல். ஆறாவது படிக்கிற பெண்ணுக்கு அதைவிட வேறு என்ன உத்தியோகம்?

இன்ஸ்பெக்டர் வரச்சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தைய வாரம், ஒத்திகை பார்ப்பதற்காகச் சித்தப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வரை போனார். போகும்போது ராஜ நடை. திரும்பும் வழியில் ஒரே புகை, கருகிய வாடை. இறங்கிப் பார்த்தால், வண்டியின் பின்பக்கம் முழுக்க யாரோ எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி ஊற்றிய மாதிரி இருந்தது. இஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் செருகி வைத்திருக்கும் அளவுக்கம்பி, தானாகவே துளையைவிட்டு எழும்பி நின்றது. இருந்த எண்ணெயில் முக்கால்வாசி ரோட்டில் போயிருந்தது.

சித்தப்பா சிரிக்காமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எண்ணெய் வற்றிப்போனால் இஞ்சின் கட்டிப்போய்விடும். அப்புறம் வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடவேண்டும். எப்படியோ எண்ணெய் வாங்கி ஊற்றி, உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். நைனா வாசலில்தான் இருந்தார். குனிந்து பார்த்தார். செக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் கறுத்து உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததே பெரிய விஷயம். எதிர்வீட்டு சைக்கிள் கடை பாய் சித்தப்பாவின் தோஸ்து. ரெண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார்கள். நின்றபாடில்லை. அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, தக்கை அட்டையை வெட்டிப் புதுப் பேக்கிங் வைத்தார்கள். அடியில் நின்றது, மேல்மூடியில் ஆரம்பித்தது. மேல்மூடிக்குப் பேக்கிங் வைத்தார்கள், முன்பக்கம் பீறிட்டது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம். "செம பேஜாரா கீதுப்பா" என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சித்தப்பா வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா சோற்றுத் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். அவர் தொடவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை இருந்தது. அவர் கிளம்பிப்போன பிறகு சித்தப்பா எழுந்து வந்து, "அண்ணி, கோலமாவு கீதா?" என்றார். துக்கம் தலைக்கேறிவிட்டது என்றே அம்மா நினைத்தாள். அவரோ இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துணியால் பளபளவென்று துடைத்து, அதன்மேல் கோலமாவை எடுத்து மேலும் கீழும் தூவினார். பாயும் வந்து சேர்ந்தார். இஞ்சின் தலையிலிருந்து கால்வரை விபூதி பூசிக்கொண்ட பண்டாரம் மாதிரி நின்றது. முதல் ஈரம் எங்கே கறுக்கிறதோ அதுதான் ஓட்டை. கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்றார். ராணுவத்தில் கற்றுக்கொண்ட வித்தையாம். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேல்மூடி ஓரம் ஒரு கறுப்புக் கோடு. உடனே முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நான்கு பக்கமும் சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. போச்சுடா என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். சித்தப்பா மட்டும் வெடித்துச் சிரித்தார்.

"ஒரு எடத்துல ஒழுவுனா அந்த எடத்துல கோளாறு பாய். எல்லா எடத்துலயும் ஒழுவுனா, ஒழுவுற எடத்துல ஒண்ணியும் இல்ல. உள்ள காத்து அடைச்சிகினு கீது. வெளிய வர வழியில்லாம எண்ணெயத் தள்ளிகினு கீது!"

சொல்லிக்கொண்டே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று சீறி, அவர் முகமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு வைத்துவிட்டது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். இஞ்சின் மூச்சு விடுவதற்கென்று பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு குழாய் தொங்குமாம். உள்ளே சூடாகும் காற்றும் புகையும் அது வழியாக வெளியே போகும். போகிற போக்கில் அதன் வாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். அந்தக் குழாய்க்குள் திருப்புளியை விட்டு நெம்பி எதையோ வெளியே இழுத்தார். வெளியே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

முறுக்கித் திணித்த பஞ்சு. அதன்மேல் வழவழவென்று குங்கிலியம்.

அந்த முறுக்கு எங்கள் குடத்தில் இருந்தது, கூரையில் இருந்தது. எனக்கே தெரிந்தபோது அம்மாவுக்குத் தெரியாதா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய்தான் விவரம் புரியாமல், "எவன் வேலப்பா இது, இவ்ளோ கலீஜா?" என்றார்.

"அந்தத் துரைதான், வேற யாரு" என்றார் சித்தப்பா.

"துரைக்கு இன்னாத்துக்குப்பா குங்கிலியம்?" என்று கேட்ட பாய், அதை வாங்கி மோந்து பார்த்தார். எங்கள் வீட்டைப் பார்த்தார். பிறகு கடையில் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போய்விட்டார். சித்தப்பா அதைச் சாக்கடையில் வீசிவிட்டு, வண்டியை மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். புதுப் பேக்கிங்குகள் எல்லாம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தன. புதிதாகத் தூவிய கோலமாவு மதியம் வரைக்கும் வெள்ளையாகவே இருந்தது.

மேஸ்திரியிடம் வேலை சொல்லி வைத்தவர், செக்கு என்று ஊர் சிரிக்க வைத்தவர், கடைசியில் தம்பியின் வண்டிக்கு மூச்சையே அடைத்துவிட்டார்! வண்டி பாழானபோது ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பதும் இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு! நைனா வந்ததும் நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்று, மெதுவாக, "இன்னாடா ஆச்சு?" என்றார்.

"பேக்கிங் போயிருந்துச்சு அண்ணாத்தே. மாத்திட்டேன், நின்னுபோச்சு."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் வாய் தானாக மூடிக்கொண்டது. இந்த மனுஷனுக்கு அண்ணன் என்றால் இவ்வளவு பயமா என்று சித்தப்பாமேல் எனக்கு இரக்கமாகிவிட்டது.

திங்கட்கிழமை வண்டி பாஸாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, பழைய வண்டியை இவ்வளவு சுத்தமாக யார் வைத்திருப்பது என்று கேட்டாராம். சித்தப்பா தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். அம்மா ஆரத்தி எடுத்தாள். பாய் சர்பத் கரைத்துக்கொண்டு வந்தார். கிண்ணத்தோடு கேலி பேசிய பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று வண்டியை மொய்த்தார்கள். நைனா மட்டும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளியே நின்றார்.

சித்தப்பா அத்தனை கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். "அண்ணாத்தே, இன்னிக்கு பூரா ஓடிக்கீது. நீ ஒரு தபா அடியில பாத்துச் சொல்லேன். ஒழுவுதா இல்லயான்னு உன் கண்ணு சொன்னாத்தான் எனுக்கு நம்பிக்க" என்றார்.

அட மண்டு சித்தப்பா, கெடுத்தவரிடமே போய்க் கேட்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நைனா வெள்ளை வேட்டியோடு அப்படியே மண்ணில் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். படகுக்கு அடியில் படுத்துப் படுத்துப் பழகிய உடம்பு. கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பார்த்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அங்கே இருந்ததெல்லாம் புதுப் பேக்கிங்கும், வாய் திறந்து கிடந்த அந்தக் குழாயும்தான். ஆனாலும் வெகுநேரம் அந்தக் கால்கள் அசையவில்லை. சித்தப்பா வண்டியின் மேல் கைவைத்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்த நைனா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "காஞ்சி கீதுடா" என்றார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று, தண்ணீர் கோத்துக்கொண்டு இருந்தது. கண்ணில் எண்ணெய் சொட்டிவிட்டது, நன்றாக வேண்டும் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கசிந்த பானைக்குப் பூசிய மாதிரித்தான் அந்தக் குழாயையும் அடைத்திருப்பார் என்றோ, ஒரு சொட்டும் ஒழுகாத வண்டிக்கு அடியில் கண்ணில் எண்ணெய் எப்படி விழும் என்றோ அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.