பிச்சாவரத்தில் எடுத்த படங்கள்

சித்தி இறந்து நான்கு மாதம் கழித்து, சித்தப்பா எங்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆபீஸ் விட்டால் அறை என்று கிடந்தவர் திடீரென்று, "படகுல போலாமா கண்ணு?" என்று கேட்டதும், அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

போட்டோவுக்கென்று ஜரிகை வைத்த ஃபிராக் போட்டுக்கொண்டு படகில் ஏறினேன். சித்தப்பா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. சுரபுன்னை மரங்களின் வேர்களை எடுத்தார். அசையாமல் கிடந்த தண்ணீரை எடுத்தார். ஒற்றைக் காலில் நின்ற நாரைக்காகத் துடுப்பை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் படகுக்காரருக்கே பொறுக்கவில்லை.

"சார், பாப்பாவ ஒண்ணு புடிங்களேன். மூஞ்ச தூக்கி வச்சிக்கினு ஒக்காந்திருக்குது."

சித்தப்பா லேசாகச் சிரித்து என்னை ஒரு படம் எடுத்தார். ரோல் அதோடு முடிந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனார். என் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் எனக்கு. பின்மூடியைத் திறந்து, உள்ளே சுருண்டிருந்த ஃபிலிமை முழுக்க வெளியே இழுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துத் தேடினேன்.

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஓடிவந்த சித்தப்பா ஃபிலிமைக் கையில் வாங்கி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க அண்ணி. கொழந்தைக்கு என்ன தெரியும்?"

அவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். பயந்துபோய், "மரமெல்லாம் இங்கயேதானே இருக்கும் சித்தப்பா, திரும்ப வந்து எடுத்துக்கலாம்" என்றேன். அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஆமா கண்ணு. மரம் எங்க போகுது."

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அந்த ரோலின் முதல் பத்துப் பதினொரு படங்கள், சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த கடைசி வாரத்தில் எடுத்தவை. எழுந்து நடக்க முடிந்ததும் மீதியைப் பிச்சாவரத்தில் எடுக்கலாம் என்று சித்திதான் சொல்லியிருந்தாளாம்.

அன்று பெங்களூர் பஸ்ஸில், ஃபிராக் போட்ட என் படம் போய்விட்டதே என்று வழியெல்லாம் நான் விசும்பிக்கொண்டிருந்தேன். சித்தப்பாதான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார்.