தட்டைத் திருப்பிக் கொடுத்த அக்கா

ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, மேலே மடிப்புக் கலையாத ஒரு சேலை. சூலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, கோயம்புத்தூரில் எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு அதை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தார் பால்கார அக்கா. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மாடு வைத்து, தானே கறந்து, வீடு வீடாகப் பால் ஊற்றியவர். ஊர்த் திருப்பத்தில் ஒரு தனியார் பஸ் மோதியதில் கை போய்விட்டது.

நான் சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகள் மட்டும் நடத்துகிறவள். விபத்து என்ற சொல்லே எனக்கு ஆகாது. ஒருவர் செய்ததை யாருமே செய்யாததுபோல் ஆக்கிவிடும் சொல் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில் மண்டபங்களில் இலவசச் சட்ட முகாம் நடத்துவோம். அப்படி ஒரு முகாமில்தான் அக்காவைப் பார்த்தேன். வழக்கும் போட்டோம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டவர் வீட்டுக்கு வண்டிக்காரர் ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு தட்டு எடுத்து வருவார். வந்தவர்களை உட்காரவைத்துக் காபி கொடுக்காமல் அனுப்ப இங்கே யாருக்கும் மனசு வராது. காபியைக் குடித்து, தட்டையும் வைத்துவிட்டுப் போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பஸ் முதலாளி அப்படித் தட்டோடு வந்தபோது அக்காவும் காபி கொடுத்திருக்கிறார். மறுநாளே பஸ் முதலாளியின் வக்கீல் எனக்குப் போன் செய்து, "உங்க கட்சிக்காரங்க ஒத்துக்கிட்டாங்க மேடம்" என்றார். பணம் தாராளமாகவே தருவார்கள். பதிலுக்கு, தானே பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டதாக அக்கா எழுதிக் கொடுக்க வேண்டும்.

"காபி குடுத்தது ஊட்டுக்கு வந்தவங்களுக்குங்க வக்கீலம்மா. பஸ்ஸுக்கு இல்லீங்க," என்றார் தட்டோடு வந்து நின்ற அக்கா.

வழக்குத் தோற்றால் இதுவும் கிடைக்காது என்று எடுத்துச் சொன்னேன். பஸ் மெதுவாகத்தான் வந்தது என்று சொல்ல அவர்களிடம் ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் அக்கா மட்டும்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கை போனது போச்சுங்க. நானே போய் உளுந்தேன்னு எழுதிக் குடுத்துப்போட்டா, நாளைக்கு அங்கயே ஒரு புள்ள அடிபட்டாலும் அதேதானுங்க எழுதுவாங்க."

நேராக முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அவர்களும் காபி கொடுத்தார்கள். அக்கா மறுக்கவில்லை, நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு தட்டை முதலாளி முன்னால் வைத்து, "ஏனுங்க, காபி நல்லா இருந்துச்சுங்க. தட்டு உங்களுதுங்க. கோர்ட்டுல பாக்கலாமுங்க," என்றார். முதலாளியின் முகம் செத்துவிட்டது. எனக்கோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

பெரியவர்களை அவமானப்படுத்திவிட்டாள் என்று ஊரில் பலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த முகாமையும் அந்த ஊர்க் கோயில் மண்டபத்திலேயே நடத்தினேன். அக்கா முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டும் அக்கா அசைந்து கொடுக்கவில்லை. தீர்ப்பு வந்தது. சாலையோரம் நின்றவர்மேல் பஸ் ஏறியிருக்கிறது, தவறு முழுக்க ஓட்டுநருடையது. நான் தொகையைச் சொல்லத் தொடங்கியதும், "அத அப்பறம் சொல்லுங்க. தப்பு யாரு மேலன்னு இன்னொருக்கா படிங்க," என்றார். படித்தேன். கோர்ட் வராந்தாவில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே இரண்டு பேரும் அழுதோம்.

போன வாரம் அந்தப் பக்கம் காரில் போனேன். திருப்பத்தில் வேகத்தடை கேட்டு எங்கள் அலுவலகம் கொடுத்த மனுக்களுக்கு இன்னும் பதில் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம். நடுரோட்டில் இடது கையை நீட்டி நின்றுகொண்டிருந்தார் அக்கா. அவருக்குப் பின்னால் பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பஸ், விடாமல் ஹாரன் அடித்து உறுமிக்கொண்டிருந்தது. பதறிப்போய் இறங்கி ஓடினேன்.

"ஓரமா வாங்கக்கா," என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கு ஓரமாத்தானுங்க நின்னேன்."