அமெரிக்காவில் தோற்று, லிட்கமில் தேறியது

விருதுநகரில் பதினொரு வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். எந்தப் பாடத்தையும் புத்தகத்தைத் திறக்காமலே நடத்திவிடுவேன் என்று ஒரு கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தோடு சிட்னிக்கு வந்து ஏழு வருஷம் ஆன பிறகு, அதே வரலாற்றில் ஒரு கட்டுரையில் ஃபெயில் ஆனேன். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் கம்ப்யூட்டரை மூடாமல் பாத்ரூமுக்குப் போனதில் கணவர் பார்த்துவிட்டார்.

இந்த ஊரில் என் பட்டத்துக்கு இரண்டு தாள் குறைகிறதாம். அதை எழுதித் தேறினால்தான் வகுப்பறைக்குள் விடுவார்கள். அதுவரை ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக் கடையில் ஜிலேபி கட்டிக்கொண்டிருந்தேன். பிளாசிப் போரை நாற்பத்தைந்து நிமிஷத்தில் முடிக்கிறவள், பெட்டியின் மூலையை எப்படி மடிப்பது என்று பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் ஒரு தாள் தேறி, மற்றதில் ஒரே ஒரு கட்டுரை பாக்கி இருந்தது. ஆபர்னில் ஒரு பள்ளி அடுத்த டெர்மில் எனக்கு ஒரு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. கட்டுரை தேறினால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் ஜிலேபி.

தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்கள் வளர்ந்த கதையும் அவற்றின் அரசியலும். கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். நகரம் வீங்குகிறது. ஒரே அறையில் இரண்டு குடும்பம், தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, பாஷை தெரியாது. அப்போது பேட்டைக்கு ஒரு ஆள் முளைக்கிறான். எங்கள் ஊரில் வட்டச் செயலாளர் என்போமே, அதே ஆள்தான், அங்கே அவனுக்குப் பெயர் பாஸ். வேலை வாங்கித் தருவான், குளிர்காலத்தில் கரி அனுப்புவான், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். பதிலுக்கு ஒரே ஒரு ஓட்டுக் கேட்பான், அதை வைத்து நகரத்தையே சுருட்டுவான். நான் விடுவேனா? ஊரில் பார்த்த அத்தனை வட்டச் செயலாளர்கள் மேலும் இருந்த வயிற்றெரிச்சலைச் சேர்த்துப் பன்னிரண்டு பக்கம் கிழித்துத் தொங்கவிட்டேன்.

திருத்திய பேராசிரியை கீழே இரண்டே வரி எழுதியிருந்தார். இந்த மனிதர்களைப் பன்னிரண்டு பக்கம் திட்டியிருக்கிறீர்கள், ஓட்டுப் போட்டவர்கள் ஏன் அவர்களைத் திட்டவில்லை என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லையே, என்று. மூன்று வாரம் அவகாசம், ஒரு திங்கட்கிழமை காலைக்குள் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும்.

எனக்கு வந்ததே கோபம். திருடனை ஏன் திட்டவில்லை என்று திருட்டுக் கொடுத்தவனிடம் போய்க் கேட்க வேண்டுமா என்று கணவரிடம் கத்தினேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டபடி, இதற்குப் போய் நூலகத்தில் ஏன் உட்காருகிறாய், ஆள் கீழ்வீட்டில் இருக்கிறாரே, என்றார்.

கீழ்வீட்டில் இருந்தவர் அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தொட்டவர், ஒண்டியாள். கடைகளுக்கு மளிகைச் சாமான் போடும் வேன் ஓட்டுகிறார். நாங்கள் சிட்னியின் இந்த லிட்கம் பகுதியில் குடிவந்த அன்று, கேட்காமலேயே ஒரு மெத்தையையும் ஒரு ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர். கணவருக்கு முதல் வேலை அவர் சொல்லித்தான் கிடைத்தது. எனக்கு டிரைவிங் டெஸ்டில் எந்தத் தெருவில் திருப்பச் சொல்வார்கள் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். எங்கள் கட்டடத்தில் மட்டுமில்லை, சுற்றி நாலு தெருவிலும் தமிழ் ஆள் யாருக்கு என்ன என்றாலும் போன் அவருக்குத்தான் போகும்.

அடுத்த நாளே நோட்டும் பேனாவுமாக அவர் குசினி என்று சொல்கிற சமையலறையில் போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் குஷி தாங்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த அமெரிக்கப் பாஸ்மாரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். கரியை ஆர் கொண்டுபோய்க் கொடுப்பினம், ஆளை வைத்தா, தானேயா? வேலை வாங்கிக் கொடுத்தால் அது எத்தினை மாசம் நிண்டது? கிழமைக்கு எத்தினை செத்தவீடு போவினம்? சில வாரம் இரண்டு மூன்று இருக்கும் என்றேன். போன மாதம் ஒரே கிழமையில் தான் நாலு போனதாகவும், அதில் ஒன்று தூரத்து ஊரான வொல்லொங்கொங் என்றும் சொன்னார். எழுதிக்கொண்டேனா என்று எட்டியும் பார்த்தார்.

நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஏழு போன் வந்தது. ஒருவருக்கு அறை, ஒருவருக்குப் பல் டாக்டர், ஒரு பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார், "பயப்பிடாதேங்கோ, நான் கதைக்கிறன்" என்று. எனக்கு உள்ளுக்குள் லட்டுத் தின்ற மாதிரி இருந்தது. கட்டுரை கண் முன்னால் லுங்கி கட்டிக்கொண்டு நடமாடுகிறதே.

அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அந்த மூன்று வாரத்துக்குள்ளேயே கவுன்சில் தேர்தலும் வந்தது. வேட்பாளர் ஒருவர், சிவந்த முகம், எந்நேரமும் சிரிப்பு, அங்கிளைத் தேடி வந்தார். எங்கட ஆக்கள் முன்னூறு பேர் இருக்கினம் என்று அங்கிள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், அதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னதும் நான்தான். அங்கிள் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் பஸ் ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது, முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் பெண்கள் மழையில் நின்று நனைகிறார்கள், அதற்கு ஒரு கூரை வேண்டும். வேட்பாளர் நெஞ்சில் கையை வைத்து வாக்குக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். அறுபது பேர் இருக்கும். வேட்பாளர் மூன்று வடை தின்று, எல்லார் கையையும் குலுக்கி, கவுன்சில் என்ன செய்யும் என்று ஒரு பிள்ளை கேட்டதற்குச் சிரித்தே சமாளித்தார். இந்த ஆளுக்கு என் ஓட்டு கிடையாது என்று அப்போதே முடிவு கட்டினேன். எல்லாத் துண்டுப் பிரசுரத்தையும் வரி விடாமல் படித்துவிட்டு, நூலகத்தை ஞாயிறும் திறப்பேன் என்று எழுதியிருந்த ஒரு அம்மாவுக்குத்தான் போடுவது என்று வைத்திருந்தேன். என் ஓட்டு கொள்கைக்குத்தான், வடைக்கு இல்லை என்று கணவரிடமும் சொன்னேன்.

வேட்பாளர் போனதும் நோட்டைத் திறந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். அங்கிள் உங்களுக்கு என்ன செய்தார், அதற்காகத்தான் அவர் சொல்கிற ஆளுக்கு ஓட்டுப் போடுகிறீர்களா, என்று இரண்டே கேள்வி. முதல் கேள்விக்கு எல்லாரும் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். இரண்டாவது கேள்வி வந்ததும் ஒருவருக்குத் தாகம் எடுத்தது, ஒருவருக்குப் போன் வந்தது, ஒருவர் குழந்தையைக் காணோம் என்று எழுந்து போனார். அவருக்குக் குழந்தையே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண்தான் என் காதருகே வந்தாள். "அக்கா, எனக்கு வோட் இல்லை. நான் பிரிட்ஜிங் விசா" என்றாள். மனுவுக்குப் பதில் வரும்வரை தங்கிக்கொள்ளக் கொடுக்கிற தற்காலிக விசா அது.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் எதையும் கேட்பார்கள். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, இரண்டாவது ஏன் பெற்றுக்கொள்ளவில்லை, முடி ஏன் கொட்டுகிறது, எல்லாம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவார்கள். ஆனால் என்ன விசா என்று மட்டும் ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. அது எழுதாத சட்டம். ஏழு வருஷம் நானும் கேட்டதில்லை. குடியுரிமை வாங்கியவருக்குத்தான் இந்த நாட்டில் ஓட்டு. அன்றைக்கு அந்தச் சட்டத்தை மீறி, கட்டுரைக்காக என்று கெஞ்சி, ஒவ்வொருவராகக் கேட்டேன். மாணவர் விசா, வேலை விசா, தற்காலிகப் பாதுகாப்பு, அப்பீலில் இருக்கிறது, பதில் வரவில்லை. அறுபது பேரில் ஓட்டு இருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு நானும் என் வீட்டுக்காரரும்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே பகீரென்றது. ஓட்டே இல்லாத பாஸை வைத்து நான் என்ன எழுதுவது? திங்கட்கிழமைக்கு எட்டு நாள்தான் இருந்தது. நேரே குசினிக்குப் போனேன். அங்கிள் மிஞ்சிய வடையை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இவங்க யாருக்குமே ஓட்டு இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம், தெரியும்."

"அப்ப அந்த ஆள்கிட்ட முந்நூறுன்னு சொன்னீங்களே?"

"நான் முன்னூறு ஆக்கள் எண்டுதானே சொன்னனான். வோட் எண்டு அவர்தான் நினைச்சவர்."

சரி, உங்கள் ஒரு ஓட்டாவது அவருக்கு விழுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் டப்பாவை மூடினார். தான் படகில் வந்ததையும், பதிமூன்று வருஷமாக ஒரு கடிதத்துக்குக் காத்திருப்பதையும் இரண்டே வார்த்தையில் சொன்னார். இதற்கு முன் மூன்று தேர்தலில் வேலை செய்தவர், ஒன்றிலும் ஓட்டுப் போட்டதில்லை.

வருத்தம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பிறகு எதற்கு இவ்வளவும் செய்கிறீர்கள், என் புத்தகத்தில் பாஸ் என்றால் பதிலுக்கு ஒன்று வாங்குகிறவன், நீங்கள் என்னத்தை வாங்கினீர்கள் என்று அவரையே திட்டினேன்.

"வோட் இருக்கு எண்டு நினைச்சபடியால்தானே பிள்ளை, அவர் எங்கட வாசலுக்கு வந்தவர். இல்லை எண்டு தெரிஞ்சால் ஆர் வருவினம்?" என்றார்.

கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னார். ஊரை மட்டும் சிக்காகோ என்று போட்டுவிடச் சொன்னார்.

தேர்தல் சனிக்கிழமை வந்தது. ஓட்டுப் பெட்டி எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடத்தில். வாசலில் அங்கிள் வேட்பாளரின் டீ-ஷர்ட்டைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு காலையிலிருந்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டில்லாத நம் ஆட்களும் முறை வைத்து வந்து, இந்த நாட்டில் தேர்தல் என்றாலே பள்ளிக்கூடத்துக்காரர்கள் சுட்டு விற்கும் சாசேஜ் ரொட்டியை வாங்கித் தின்றுகொண்டு, பெரிய கூட்டம் போல நின்றார்கள். வேட்பாளர் தூரத்திலிருந்து பார்த்துப் பூரித்துக் கையசைத்தார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

என்னைக் கண்டதும் அங்கிள் ஒரு நோட்டீஸை என் கையில் வைத்து, கூடவே நடந்து வந்தார். நோட்டீஸ் கொடுப்பவர்கள் தாண்டக் கூடாத கோடு ஒன்று தரையில் போட்டிருந்தது. அதில் நின்றார்.

உள்ளே போனேன். அட்டைத் தடுப்புக்குள் சீட்டை விரித்தேன். இங்கே பிடித்தவரின் பெயருக்கு நேரே ஒன்று என்று எண் எழுத வேண்டும். நூலகத்து அம்மாவின் பெயர் மேலேயே இருந்தது. கொள்கை, நேர்மை, பதினொரு வருஷம் வகுப்பில் நான் கத்திய அத்தனையும் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு ரைஸ் குக்கரும் ஞாபகம் வந்தது. மூடியில் ஒரு ஓரம் நசுங்கியது. அங்கிள் தன் வீட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்ததையே கழுவி எடுத்து வந்தார் என்பது எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சிவந்த முகக்காரருக்கு நேரே ஒன்று என்று எழுதிவிட்டு, வெட்கமாக வெளியே வந்தேன்.

அங்கிள் அதே கோட்டில் நின்றிருந்தார். யாருக்குப் போட்டேன் என்று கேட்கவில்லை. "உள்ளுக்கை எப்பிடி இருக்கும் பிள்ளை?" என்றுதான், பள்ளிக்கூடத்துக்குள்ளே கையைக் காட்டிக் கேட்டார்.

அட்டையால் செய்த மேஜை என்றேன். கயிற்றில் கட்டிய ஒரு பென்சில் என்றேன்.

"பென்சிலோ?" என்றார். அவ்வளவு பெரிய காரியத்தைப் பென்சிலால் செய்கிறார்கள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

நம் ஆள் தோற்றார். நூலகத்து அம்மா ஜெயித்தார், என் ஓட்டு இல்லாமலே. முடிவு வந்த மறுநாள் அங்கிள் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த லட்டுப் பெட்டியோடு அந்த அம்மாவைப் பார்த்து, எங்கட ஆக்கள் முன்னூறு பேர் என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது பஸ் ஸ்டாப்பைக் கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கட்டுரையை அந்தத் தேர்தலுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டேன். பாஸை அவன் ஜனங்கள் ஏன் திட்டவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும், ஏனென்றால் நேற்று என் ஓட்டை ஒரு ரைஸ் குக்கருக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, அட்டை மேஜை, பென்சில், கோடு, சாசேஜ் ரொட்டி எல்லாம் எழுதி, அங்கிள் சொன்னபடியே ஊரைச் சிக்காகோ ஆக்கினேன். தேறிவிட்டேன். பேராசிரியை கடைசிப் பக்கத்தில், சிக்காகோவில் இப்போதும் சாசேஜ் ரொட்டி விற்கிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தார்.

பள்ளியில் சேர்வதற்கு முதல் நாள் அங்கிள் கட்டுரையைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். குசினியில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். குக்கரைச் சொன்ன நான் மெத்தையை ஏன் விட்டேன் என்று குறைப்பட்டார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த உள்ளுக்கை போற இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார்.

மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை மெதுவாக.