ரத்தம் ஊறுவதற்கு வைத்த குச்சி

என் இடது கையில், முழங்கைக்கு மேலே உள்பக்கமாக, ஒரு குச்சி இருக்கிறது. தீக்குச்சி நீளம்தான். தோலுக்கு அடியில் படுத்திருக்கும். விரலால் தடவினால் லேசாக நழுவும். மூன்று வருஷத்துக்குக் குழந்தை தங்காமல் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வைத்தார்கள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. எங்கள் குடும்பத்தில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அதுதான்.

என் பெண் ஆபரேஷனில் பிறந்தாள். அடுத்ததற்கு நல்ல இடைவெளி விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை போட்டால் எனக்கு மறந்துபோகும். காப்பர் டி என்றால் பயம். கையில் வைக்கிற மாதிரி புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னபோது, என் வீட்டுக்காரர்தான் முதலில் தலையாட்டினார். கை அவருடையது இல்லையே. மரத்துப்போக ஊசி போட்டு, குச்சியை உள்ளே தள்ளி, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலை சுற்றி, வெளியே போய் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். அன்றைக்குக் கைத்தாங்கலாகப் பஸ் ஏறியது அவர். பிடித்துக்கொண்டு வந்தது நான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கட்டைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா அவ கையில கட்டு?"

"அவளுக்கு ரத்தம் கம்மியா இருக்காம்மா. ரத்தம் ஊறறதுக்கு குச்சி மாதிரி ஒரு மருந்து வெச்சிருக்காங்க" என்றார் இவர். கண் இமைக்கவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுவேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள். பேரன் பிறந்தால் மயிலம் முருகன் கோவிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மட்டும் வாய் வரவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி போகும். சிலருக்கு இப்படி முன்னே பின்னே ஆகும், சிலருக்கு வராமலே நின்றுபோகும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் தீட்டு என்றால் அடுப்படிக்குப் போகக் கூடாது. தனிப் பாய், தனித் தட்டு. மூன்று நாளைக்கென்று போட்ட சட்டம் அது. குச்சிக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. வாரக்கணக்கில் நான் கூடத்து மூலையில் பாயில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்க, மாமியார் குழம்பு வைத்து, தள்ளி நின்று, என் தட்டில் ஊற்றினார். கல்யாணம் ஆன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே லீவு.

"மருந்து நல்லாத்தான் வேல செய்யுது" என்று மகனிடம் சலித்துக்கொண்டார். "ஆனா ஊறினதெல்லாம் வெளிய போவுதேடா. கொஞ்சம் கொறச்சி ஊற வெக்கச் சொல்லு அந்த டாக்டரம்மாகிட்ட."

இவர் தோட்டத்துப் பக்கம் ஓடிப்போய்ச் சிரித்தார்.

பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. மாமியார் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு என்னை நிம்மதியாக அடுப்படிக்கு அனுப்பினார்.

கரும்பு வெட்டுகிற சமயத்தில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவர், திருக்கனூர் ரோட்டில் பொழுது சாய்கிற நேரத்தில், பின்னால் விளக்கே இல்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் போய் மோதினார். ஹெல்மெட் வீட்டில் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டால் முடி கொட்டும் என்பார். முடி கடைசிவரை நன்றாகவே இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் பொய்யே சொல்லாத மனிதர் ஆகிவிட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சிகரெட் தொடமாட்டாராம், அம்மா போட்ட கோட்டைத் தாண்டமாட்டாராம். நான் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று.

காரியத்துக்கு முன்னால், எனக்குக் கடைசியாகப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் உடைத்து எடுப்பதைப் பற்றி உறவுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த மாமியார் தலையைத் தூக்கினார்.

"யாரும் அவ கையத் தொடாதீங்க. அவ முழுகாம இருக்கா."

"இன்னாம்மா சொல்ற? எத்தினி மாசம்?" என்றாள் என் நாத்தனார்.

"அவ ஒதுங்கியே எவ்ளோ நாளாவுது. பாயி பரண்மேல கெடக்குது, எனக்குத் தெரியாதா? எம் புள்ள போவசொல்ல சும்மா போவல. திரும்பி வரதுக்கு வழி பண்ணிட்டுத்தான் போயிருக்கான்."

"அத்த, அது புள்ள இல்ல" என்றேன். "கையில குச்சி இருக்குதில்ல, அதாலதான் நின்னுபோயிருக்கு. புள்ள தங்காம இருக்கத்தான் அத வெச்சாங்க."

"அது ரத்தம் ஊறறதுக்கு வெச்சது."

"அவரு உங்ககிட்ட சும்மா அப்பிடி சொன்னாரு."

"எம் புள்ள எங்கிட்ட பொய் சொன்னான்ற? அவன் வந்து பதில் சொல்லமாட்டான்ற தெகிரியத்துல பேசுறியாடி?"

நாத்தனார் என் தோளைத் தொட்டு, "அதிர்ச்சியில ஏதோ ஒளர்ற. கம்முனு இரு" என்றாள். என் வயிற்றைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வளையல் கையிலேயே இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கிவரச் செய்து, பார்த்து, ஒரு கோடுதான் வந்திருக்கிறது, பிள்ளை என்றால் இரண்டு வரும் என்று கொண்டுபோய்க் காட்டினேன். "ஒண்ணு வந்துச்சே, அது போதும்" என்றார் மாமியார்.

முட்டை வந்தது, மாதுளை வந்தது, பால் வந்தது. குடம் தூக்கக் கூடாது. அப்பாவை அப்படியே உரித்துவைத்த மாதிரி ஒரு பெண் குழந்தை நடுவீட்டில் உட்கார்ந்து சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கிறாள். அவளைத் தாண்டிக்கொண்டு வந்து என் வயிற்றுக்குப் பால் கொடுத்தார்கள்.

மாமியார் அழவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு போன நாளில்கூட நெஞ்சில் அடித்துக்கொண்டதோடு சரி, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்னையும் அழ விடவில்லை. "உள்ள இருக்கறவனுக்கு மூச்சு முட்டும்டி" என்பார். உள்ளே இல்லவே இல்லாத ஒருத்தனுக்காக நாங்கள் இரண்டு பேரும் அடக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு மூச்சு முட்டியதை யாரும் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால், சில மத்தியானங்களில் நானே வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மருந்து பழசாக இருந்திருக்கலாம், டாக்டரம்மா சரியாக வைக்காமல் விட்டிருக்கலாம் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன். குச்சி ஏமாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் மாமியார் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் விட்டால் இந்த நினைப்பிலிருந்து அவர் எழுந்திருக்கவே மாட்டார். "ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் அத்த" என்றேன்.

"துடிக்கறது கேக்கும் இல்ல?" என்று கேட்டுவிட்டு, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டார். குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஸ்கேன் சீட்டைப் பார்த்தவர், எனக்குக் குச்சி வைக்கும்போது பக்கத்தில் நின்ற அதே நர்ஸ். "ஒண்ணும் இல்லம்மா, வயிறு சுத்தமா இருக்கு" என்றார். என் கையைத் தூக்கித் தடவிப் பார்த்தார். "குச்சியும் எடத்துலதான் இருக்கு. இது இருக்கும்போது எப்படிம்மா தங்கும்? அன்னிக்கு உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லித்தானே அனுப்பினேன். எங்க, அவர் வரலையா?"

"ரத்தம் ஊறறதுக்கு வெச்சது அது" என்றார் மாமியார்.

"ரத்தத்துக்கா? யாரு சொன்னாங்க?"

நான் குறுக்கிட்டு, என் வீட்டுக்காரர் இறந்துபோனதைச் சொன்னேன். நர்ஸ் கொஞ்ச நேரம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துடணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். "இருக்கட்டும்" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்த மாமியார் வில்லியனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எதுக்குடி எங்கிட்ட பொய் சொன்னான்?"

"நீங்க திட்டுவீங்கன்னுதான்."

"திட்டியிருப்பேன். அதுக்கின்னா இப்ப? பெத்தவ திட்டக் கூடாதா?" கொஞ்ச நேரம் கரும்புக் கொல்லையையே பார்த்துக்கொண்டு வந்தார். "திருட்டு நாயி" என்றார்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"மூஞ்சிக்கு நேரா சொன்னான்டி, ரத்தம் ஊறுதுன்னு. நான் போயி மருந்தக் கொறைக்கச் சொல்றேன். அப்ப இன்னாடி பண்ணான் அவன்?"

"தோட்டத்துல போயி நின்னு சிரிச்சாரு அத்த."

"சிரிச்சானா." அங்கேதான் உடைந்தது. வாயில் முந்தானையை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. அழுகைக்கு நடுநடுவே திட்டு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மோட்டார் கொட்டகையில் படுத்துத் தூங்கியதிலிருந்து ஆரம்பித்து, அத்தனைக்கும் திட்டினார். நானும் அழுதேன். இவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் செத்துப்போன மாதிரி இருந்தது.

முன் சீட்டு அம்மா திரும்பி, "யாரும்மா அது, இந்தத் திட்டு வாங்கறது?" என்றார்.

"எம் புள்ள. செத்துட்டான்" என்றார் மாமியார், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அந்த அம்மா சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்.

"அவுங்க கெடக்கறாங்க, நீ சொல்லு" என்றார் மாமியார் என் பக்கம் சாய்ந்து. "வேற இன்னா இன்னா பொய் சொன்னான்?"

நிறைய இருந்தது. சிகரெட்டில் ஆரம்பித்தேன்.