வெள்ளறடை ஆல்டோ

ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், இந்த ஜெர்மன் ஊரில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை நான் வயோலாவைத் தொடக்கூடாது. மிட்டாக்ஸ்ரூஹே என்கிறார்கள், மத்தியான அமைதி. குடிவந்த முதல் வாரம் மேல்மாடிப் பெரியவர் கதவைத் தட்டி, தன் கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார். நேரம் கேட்கிறார் என்று நினைத்து, "ஒன்றேகால்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு மறுபடி வாசிக்க உட்கார்ந்தேன். எங்கள் வெள்ளறடையில் சபை ஒலிபெருக்கியும் கோவில் ஒலிபெருக்கியும் மாறிமாறி முழங்க, நடுவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அங்கே என் வாசிப்பு யாருக்கும் ஒரு சத்தமாகவே பட்டதில்லை.

வயோலா என் கைக்கு வந்ததே அம்மாவால்தான். சபைப் பாடகர் குழுவில் மெட்டுப் பாட ஆள் நிறைய உண்டு. மெட்டுக்குக் கீழே ஒத்துப் பாடும் ஆல்டோவுக்கு அம்மா ஒருவர்தான் நிலையாக நிற்பார். அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று, நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போய் வயலின் படித்துக்கொண்டிருந்த என்னை, அதைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வயோலாவுக்கு மாற்றினார்கள். வீட்டில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கும்போதும் அம்மா ஆல்டோதான் பாடுவார். மெட்டைப் பாடிப் பழகினால் சபையில் குரல் தடம் மாறிவிடுமாம். அப்படியொரு பிடிவாதம்.

போன மாதம் இங்குள்ள இசைப்பள்ளியில் நிரந்தர வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வயோலா பழகும் ஒரு சிறுமிக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இசைத்தாள் வேண்டுமா என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டுக்குத் தாள் எதற்கு என்று கெத்தாக மறுத்துவிட்டு, கண்ணை மூடி வாசித்தேன்.

"இது அந்தப் பாட்டு இல்லையே" என்றாள் சிறுமி.

அவள் சொன்னது சரி. நான் வாசித்தது அம்மாவின் ஆல்டோ. மெட்டு என் காதுக்குத் தெரியும், விரலுக்கு ஒருநாளும் பழக்கமில்லை. ஓர் ஆசிரியர் பேனாவை எடுத்ததைப் பார்த்ததும் என்ன தைரியமோ, "சரி, உன் பாட்டை நீ வாசி" என்றேன். அவள் தன் இசைத்தாளைப் பார்த்து மெட்டை வாசிக்க, நான் கீழே அதே ஆல்டோவைச் சேர்த்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டதும் அவள் வில்லை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை உறுதி என்ற கடிதம் இந்த வாரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் அம்மாவைப் போனில் அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அந்தப் பாட்டுக்க மெட்டு எனக்க கைக்குத் தெரியாம போச்சும்மா."

"அதுக்கென்ன மக்கா, நீ வாசிச்சதும் பாட்டு ஆக்கும்" என்றார். பிறகு கேட்டார்: "அப்போ இனி சபையில ஆல்டோவுக்கு நீ வரமாட்டே, இல்லியா?"

"லீவுக்கு வாறேன்மா."

"செரி. அதுவரைக்கும் நான் ஒருத்தி உண்டு."

"இப்பம் பாடுங்கம்மா, மெட்டை நான் வாசிக்கேன்" என்றேன். இந்த ஒரு மாதமாக விடாமல் வாசித்துப் பழகியதில் விரலுக்கு மெட்டு படிந்திருந்தது. மணி ஒன்றரை. மேல்மாடிக்குக் கேட்காதிருக்க, தந்திகளின் சத்தத்தை அடக்கும் ரப்பர் மியூட்டை மாட்டிக்கொண்டேன். ரப்பர் தோட்டத்து ஊர்க்காரியின் வாயை அடைக்கவும் ரப்பர்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மா இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார். "ஒண்ணும் கேக்கல்ல மக்கா. உரக்க வாசி."

அதற்குள் மேல்மாடியில் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

ரப்பரைக் கழற்றினேன். மூன்று மணிக்கு மேல் போய்ப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.